எந்த வரிசையில் கேட்கிறோம்?

"பி.காம். படிக்கிற பொண்ணுக்குக் கறுப்புத் திரையில என்னடி வேலை?" என்று என் தோழிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எங்களுக்குக் கல்லூரியில் கணினி என்றால் டேலி, எக்செல், அவ்வளவுதான். கட்டளை தட்டுவதெல்லாம் இன்ஜினியரிங் படிக்கிறவர்கள் வேலை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு மாதம் பயிற்சிக்குப் போனேன். அங்கே நான் செய்த ஒரு தப்புக்கு இன்னொருவர் திட்டு வாங்கினார். அன்றிலிருந்து என் எண்ணம் மாறிவிட்டது.

ஒரு ஃபோல்டரில் என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று பட்டியல் போடும் கட்டளை பற்றித்தான் இந்தக் கட்டுரை. விண்டோஸில் அதன் பெயர் 'டிர்', லினக்ஸில் 'எல்எஸ்'. கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் அந்தக் கட்டளைக்குப் பின்னால் இரண்டு மூன்று எழுத்து சேர்த்துப் பட்டியலை நமக்கு வேண்டிய மாதிரி மாற்றிக்கொள்ளத் தெரியாதவர் கணக்கு வேலைக்கு வரக்கூடாது என்பது என் கட்சி. கொஞ்சம் ஓவராகத் தெரியலாம். கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

(கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன். கணினியில் தட்டும்போது அதே உச்சரிப்புள்ள ஆங்கில எழுத்துகளைத் தட்டிக்கொள்ளுங்கள்.)

அந்த அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளரின் டிசம்பர் மாத ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு விற்பனை விவரம் ஏற்றும் வேலை எனக்கு வந்தது. ஃபோல்டரைத் திறந்தால் ஒரே மாதத்துக்கு நான்கு ஃபைல். 'சேல்ஸ் டிசம்பர்', 'சேல்ஸ் டிசம்பர் கரெக்டட்', 'சேல்ஸ் டிசம்பர் ஃபைனல்', 'சேல்ஸ் டிசம்பர் ஃபைனல் 2'. திரையில் பெரிய பெரிய ஐகானாகத் தெரிந்தன. தேதி எதுவும் கண்ணில் படவில்லை. கடைசியில் இருந்தது 'ஃபைனல் 2'. கடைசியில் இருப்பதுதானே கடைசி? அதை எடுத்து ஏற்றினேன். அன்றே, 10-ஆம் தேதி, ரிட்டர்னும் போட்டாயிற்று.

நான்கைந்து நாள் கழித்து அந்த வாடிக்கையாளரிடம் சரக்கு வாங்கிய ஒருவர் போன் செய்தார். "உங்க ரெண்டு பில் எங்க 2பி-யில வரலையே" என்று. 2பி என்றால், நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்லை வைத்து நமக்கு எவ்வளவு வரி வரவு கிடைக்கும் என்று காட்டும் அறிக்கை. நாம் ஏற்றாத பில் அவருக்கு வராது. அதாவது நாங்கள் விட்ட இரண்டு பில்லுக்கான வரி வரவு அந்த மாதம் அவருக்குக் கிடையாது.

சார் கூப்பிட்டது என்னை இல்லை. அந்த ஃபைல்களைத் தயார் செய்கிற அக்காவை. பதினொரு வருடமாக அங்கே வேலை பார்ப்பவர். "நான் அந்த ரெண்டு பில்லையும் சேர்த்துத்தான் சார் வச்சேன்" என்றார் அக்கா. "ஃபைனல் 2-ல இல்லையேம்மா. அதுக்கப்புறம் என்ன ஃபைனல்?" என்றார் சார். அக்கா எந்தப் பெயரில் சேமித்தார் என்று அவருக்கே சட்டென்று ஞாபகம் வரவில்லை. ஒரு நாளைக்கு அவர் முப்பது ஃபைல் பார்க்கிறவர். தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. என் பெரியம்மா பையன், அண்ணன், லினக்ஸ் பைத்தியம். விடுமுறையில் அவன் எனக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்திருந்தான். "ஒரு ஃபோல்டர்ல எது புதுசு, எது பழசுன்னு பேரைப் பார்த்து முடிவு பண்ணாத. கேளு" என்பான். நான் அந்த ஃபோல்டரில் கறுப்புத் திரையைத் திறந்து 'டிர் /ஓ-டி' என்று தட்டினேன். மாற்றிய தேதிப்படி, புதியது முதலில் என்று அர்த்தம். முதல் வரியில் வந்தது 'கரெக்டட்'. 9-ஆம் தேதி மாலை 6.42. அதற்குக் கீழே 'ஃபைனல் 2'. அதே 9-ஆம் தேதி, ஆனால் காலை 11.15.

அக்கா சேர்த்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். நான்தான் தப்பான ஃபைலை எடுத்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்கிறேன், உடனே எழுந்து போய்ச் சொல்லவில்லை. ஒரு பத்து நிமிடம் அந்தத் திரையை மூடலாமா என்று யோசித்தேன். அப்புறம் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திட்டவில்லை. "அடுத்த தடவை ஏத்தறதுக்கு முன்னாடி இதைப் பாரு" என்றார். 3பி இன்னும் போடாததால் வரி சரியாகவே கட்டப்பட்டது. ஆனால் வாங்கியவருக்கு வரவு கிடைக்க அடுத்த மாதம் ஆயிற்று. அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் வழக்கம்போலத் தன் டப்பாவிலிருந்து எனக்கும் கொஞ்சம் புளியோதரை வைத்தார். அதுதான் ரொம்பச் சுட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இதில் கணினி பொய் சொன்னதா? இல்லை. பெயர் வரிசையில் காட்டு என்று யாரோ எப்போதோ வைத்ததை அது அப்படியே காட்டியது. அகரவரிசையில் கடைசியாக வந்ததைக் காலத்தில் கடைசி என்று எடுத்துக்கொண்டது நான். எந்தப் பட்டியலும் ஒரு கேள்விக்கான பதில். நாம் கேள்வி கேட்காவிட்டால், யாரோ கேட்டுவைத்த கேள்விக்கான பதில் நம் முன்னால் வந்து நிற்கும்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புதிதே இல்லை. பதினொன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். கையில் இருப்பது ஒரே கட்டு சான்றுச்சீட்டுகள். தேதி வாரியாக எழுதினால் குறிப்பேடு. ஆள் வாரியாக, கணக்கு வாரியாகப் பிரித்தால் பேரேடு. இருப்பை மட்டும் வரிசையாக எடுத்து வைத்தால் இருப்பாய்வு. ஒரு ரூபாய் கூடவில்லை, குறையவில்லை. கேள்விதான் மாறுகிறது. 'நேற்று என்ன நடந்தது' என்பதற்குப் பேரேட்டைப் புரட்டினால் நேரம்தான் வீண். 'இவர் நமக்கு எவ்வளவு தர வேண்டும்' என்பதற்குக் குறிப்பேட்டைப் புரட்டினாலும் அதே கதைதான். கணக்குப் புத்தகத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிற நாம், கணினியில் மட்டும் ஏன் முதலில் தெரிந்ததை நம்பிவிடுகிறோம்?

பட்டியல் கேட்கும் கட்டளைக்குப் பின்னால் சேர்க்கும் அந்த எழுத்துகளைத்தான் ஆப்ஷன் என்கிறார்கள். இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு இல்லை. யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி காலத்துச் சமாசாரம். அதிலேயே 'எல்எஸ்' இருக்கிறது, நேர வரிசையில் கேட்கும் வசதியோடு. மைக்ரோசாஃப்ட் பக்கம் கொஞ்சம் தாமதம். 'டிர்' கட்டளைக்கு வரிசை மாற்றும் '/ஓ' ஆப்ஷன் 1991-இல் வந்த எம்எஸ்-டாஸ் 5-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் பட்டியலை இன்னொரு கட்டளைக்குள் அனுப்பித்தான் வரிசைப்படுத்த வேண்டும்.

இன்றைக்கும் விண்டோஸில் அந்த '/ஓ' அப்படியே இருக்கிறது. 'என்' சேர்த்தால் பெயர், 'டி' சேர்த்தால் தேதி, 'எஸ்' சேர்த்தால் அளவு, 'இ' சேர்த்தால் ஃபைல் வகை. நடுவில் ஒரு கழித்தல் குறி போட்டால் தலைகீழ். ஒரு சின்ன எச்சரிக்கை. விண்டோஸ் 11-இல் டெர்மினல் திறந்தால் பவர்ஷெல் என்ற வேறொன்று வரும். அதில் 'டிர்' என்ற பெயர் இருந்தாலும் ஆள் வேறு. இந்த ஆப்ஷன்களைக் கொடுத்தால் பிழை காட்டும். முதலில் 'சிஎம்டி' என்று தட்டி என்டர் அடித்துவிட்டுப் பிறகு தட்டுங்கள்.

லினக்ஸில் நான் அதிகம் தட்டுவது 'எல்எஸ் -எல்டிஆர்'. 'எல்' என்றால் விவரமாக, 'டி' என்றால் நேரப்படி, 'ஆர்' என்றால் தலைகீழாக. பழையது மேலே, புதியது கீழே. எதற்குத் தலைகீழ் என்றால், நீளமான பட்டியல் மேலே ஓடிவிடும், கடைசி வரிதான் நாம் தட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும். தேடுவது பெரும்பாலும் புதியதைத்தான். அது கண்ணுக்கு நேராக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அளவு வரிசைக்கும் கணக்கு வேலையில் பயன் உண்டு. வங்கி ஸ்டேட்மென்ட் நாற்பது டவுன்லோடு செய்கிறோம். நடுவில் நெட் போய் ஒன்றிரண்டு வெறும் ஃபைலாக விழுந்திருக்கும். பெயரைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். 'டிர் /ஏ-டி /ஓஎஸ்' என்று கேட்டால் ஃபோல்டர்களை விட்டுவிட்டு, சிறிய ஃபைலை முதலில் காட்டும். பூஜ்யம் பைட் ஃபைல்கள் தலையில் வந்து நிற்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் வேலை மிச்சம்.

பெயர் வரிசையே வேண்டும் என்கிற இடத்திலும் வம்பு உண்டு. மாதப் பெயரை ஆங்கிலத்தில் வைத்துச் சேமிக்கிறோம். அகரவரிசையில் முதலில் ஏப்ரல். ஆகா, நிதியாண்டு ஏப்ரலில்தானே தொடங்குகிறது என்று சந்தோஷப்படுவதற்குள் அடுத்தது ஆகஸ்ட், அதற்கடுத்து டிசம்பர், பிறகு பிப்ரவரி! வருடம், மாதம் என்ற வரிசையில் எண்ணாக, 2024-04, 2024-05 என்று பெயர் வைத்தால் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். ஆப்ஷன் தெரிந்தால் மட்டும் போதாது, பெயர் வைக்கவும் தெரிய வேண்டும். 'ஃபைனல்' என்பது ஒரு பெயரே இல்லை. அது ஒரு ஆசை.

இன்னொன்று, வரிசையை விட முக்கியமானது. பட்டியல் எதைக் காட்டாமல் விடுகிறது?

2000 மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற வைரஸ் உலகம் முழுக்க மின்னஞ்சலில் பரவியது. இணைப்பாக வந்த ஃபைலின் பெயர் காதல் கடிதம் என்று சொன்னது. பெயரின் முடிவில் '.டிஎக்ஸ்டி', அதற்குப் பிறகு '.விபிஎஸ்'. உண்மையில் அது ஒரு நிரல். ஆனால் தெரிந்த வகை ஃபைல்களின் கடைசி ஒட்டை மறைத்துக் காட்டுவது விண்டோஸின் இயல்பு. அதனால் பலருக்கு அது சாதாரண எழுத்து ஃபைல் மாதிரியே தெரிந்தது. திறந்தார்கள், மாட்டிக்கொண்டார்கள். அந்த மறைக்கும் வழக்கம் விண்டோஸ் 11-லும் இயல்பாக அப்படியேதான் இருக்கிறது. 'டிர்' கட்டளையில் கேட்டால் முழுப் பெயரும் வரும்.

லினக்ஸ் மட்டும் யோக்கியமா என்றால் அங்கேயும் ஒரு வேடிக்கை. பெயர் புள்ளியில் தொடங்கும் ஃபைல்களை 'எல்எஸ்' காட்டாது. '-ஏ' சேர்த்தால்தான் காட்டும். இது யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு என்று நினைத்திருந்தேன். யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் 2012-இல் எழுதிய ஒரு குறிப்பில் இதன் கதையைச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்று இரண்டு பதிவுகள் உண்டு. ஒன்று அந்த ஃபோல்டரையே குறிக்கும், மற்றது அதன் மேல் ஃபோல்டரை. பட்டியலில் அவை இரண்டும் வராமல் இருக்க, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்து ஒதுக்கிவிட்டார்களாம். முழுப் பெயரையும் சரிபார்க்கவில்லை. அந்தச் சோம்பலின் விளைவாகப் புள்ளியில் தொடங்கும் எல்லா ஃபைலும் மறைந்துபோனது. பிறகு வந்தவர்கள் அதையே வசதியாக்கிக்கொண்டார்கள்.

அதாவது நாம் 'சிஸ்டம் இப்படித்தான்' என்று கும்பிட்டுக்கொண்டிருக்கும் பல விஷயங்கள், யாரோ ஒருவர் ஒரு நாள் சுருக்கு வழியில் செய்தவை. அதைக் கேள்வி கேட்பதில் தப்பே இல்லை.

இப்போது எதிர்வாதம். "இதுக்கு எதுக்கு கறுப்புத் திரை? விண்டோஸ் ஜன்னல்லயே 'டேட் மாடிஃபைடு' தலைப்பை ஒரு கிளிக் பண்ணா வரிசை மாறிடுமே?" மாறும். அன்றைக்கு நான் அந்தக் கிளிக்கைச் செய்திருந்தாலே போதும். அக்கா திட்டு வாங்கியிருக்க மாட்டார். கறுப்புத் திரைதான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. அதிலேயே குடியிருக்கும் அண்ணன் மாதிரி ஆட்களோடு நான் தினமும் சண்டை போடுகிறேன்.

ஆனாலும் கட்டளைக்கு ஒரு பலம் இருக்கிறது. கிளிக் செய்தது எங்கும் பதிவாகாது. கட்டளை எழுத்தில் இருக்கும். "இப்படிக் கேட்டேன், இப்படி வந்தது" என்று இன்னொருவருக்கு அப்படியே சொல்லலாம், அவரும் தட்டிச் சரிபார்க்கலாம். 'டிர் /எஸ் /ஓ-டி' என்று தட்டினால் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களையும் சேர்த்துக் காட்டும். பின்னால் ஒரு 'பெரியது' குறியும் ஒரு ஃபைல் பெயரும் போட்டால் முழுப் பட்டியலும் அந்த ஃபைலில் போய் விழும். ரிட்டர்ன் போட்ட அன்று ஃபோல்டர் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சான்று. ஆடிட் படிக்கிறவர்களுக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

தேதியையும் கண்மூடி நம்பக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சும்மா திறந்து ஒரு தடவை சேமித்தாலே மாற்றிய தேதி புதிதாகிவிடும். லினக்ஸில் 'டச்' என்ற கட்டளையால் தேதியை வேண்டியபடி மாற்றவும் முடியும். விண்டோஸில் ஒரு ஃபைலைக் காப்பி எடுத்தால் மாற்றிய தேதி பழையதாகவே இருக்கும், உருவான தேதி மட்டும் காப்பி எடுத்த நேரமாக இருக்கும். '/டிசி' சேர்த்துக் கேட்டால் உருவான தேதி தெரியும். பிறப்பதற்கு முன்பே மாற்றப்பட்ட ஃபைலைப் பார்த்தால் பயப்படாதீர்கள், அது காப்பியாக இருக்கும். அதனால் தேதி ஒரு சாட்சி, தீர்ப்பு இல்லை. அன்றைக்கும் 'கரெக்டட்' ஃபைலைத் திறந்து அந்த இரண்டு பில்லும் உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகுதான் சாரைக் கூப்பிட்டேன்.

ஒவ்வொரு தடவையும் தட்டச் சோம்பலாக இருந்தால் நிரந்தரமாக வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. விண்டோஸில் 'டிர்சிஎம்டி' என்ற ஒரு மாறியில் நமக்குப் பிடித்த ஆப்ஷனை எழுதிவைத்தால் 'டிர்' எப்போதும் அதன்படியே வரும். லினக்ஸில் 'ஏலியஸ்' போட்டு ஒரு செல்லப்பெயர் வைத்துக்கொள்ளலாம். நானும் ஆசையாக வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். காரணம் இதுதான்: ஒரு மாதத்தில் அது எனக்குப் பழகி, நான் கேட்ட கேள்வி என்பதே மறந்துவிட்டது. இன்னொருவர் கணினியில் உட்கார்ந்து 'டிர்' தட்டி, முதல் வரியில் இருப்பதுதான் புதிது என்று கையை வைக்கப் போனேன். அங்கே அது வேறு வரிசை. யாரோ வைத்த வழக்கத்தில் மாட்டினது முதல் தடவை, நானே வைத்த வழக்கத்தில் மாட்டப் போனது இரண்டாவது தடவை. இப்போது முழுதாகவே தட்டுகிறேன். நான்கு எழுத்து அதிகம், பரவாயில்லை.

நம் கணினிப் பாடத்தில் எம்எஸ் வேர்டில் எழுத்தைத் தடிமனாக்குவது எப்படி என்று ஒரு வாரம் சொல்லித்தருகிறார்கள். அதில் ஒரு வகுப்பை இதற்குக் கொடுக்கலாம். ஒரு ஃபோல்டர், அதில் இருபது ஃபைல், ஐந்து கேள்வி. எது புதிது, எது பெரிது, எது காலி, எது மறைந்திருக்கிறது, எது காப்பி. இதற்கு இன்ஜினியரிங் மூளை வேண்டாம். பேரேடு எழுதத் தெரிந்த மூளை போதும்.

பயிற்சியின் கடைசி நாளில் அக்காவுக்கு 'டிர் /ஓ-டி' என்பதை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி அவர் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். "என்னம்மா இது மந்திரம் மாதிரி?" என்று கேட்டார். "மந்திரம் இல்லக்கா. இனிமே யாராவது உங்கள ஏதாவது சொன்னா, இதைத் தட்டிக் காட்டுங்க" என்றேன். தட்டுகிறாரோ இல்லையோ தெரியாது. நான் தட்டுகிறேன், ஒவ்வொரு தடவை ஏற்றுவதற்கு முன்பும்.